தோட்டத்து டாக்டரும் ஒரு தீபச் சுடரும்

இமைக்காமல் சுடரைப் பார்க்கும் த்ராடகப் பயிற்சி இன்று கைப்பேசி வழியாக வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றலாம், மூன்றாம் கண் திறக்கும் என்றெல்லாம் வாக்குறுதிகள் பறக்கின்றன. இந்தப் பயிற்சியை ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சுவாமி சிவானந்தர். ஒரு காலத்தில் அவர் சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டாக்டராக இருந்தவர்.

1913-ஆம் ஆண்டு. கப்பலில் மலாயாவுக்கு வந்து இறங்கினார் குப்புசாமி என்ற தமிழ் இளைஞர். கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடைதான் சொந்த ஊர். தஞ்சாவூரில் மருத்துவம் படித்தவர். 'அம்புரோசியா' என்ற மருத்துவ இதழைச் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்தவர். கப்பல் சாப்பாடு ஆசாரத்துக்கு ஒத்துவராது என்று, அம்மா கட்டிக்கொடுத்த பலகாரத்தையும் தண்ணீரையும் வைத்தே பயணத்தை ஓட்டியதால், கரை சேர்ந்தபோது துவண்டு போயிருந்தார்.

சிரம்பானில் டாக்டர் ஹெரால்டு பார்சன்ஸ் அவரைப் பக்கத்துத் தோட்ட மேலாளர் ஏ. ஜி. ராபின்ஸிடம் அனுப்பி வைத்தார். ஒரு மருத்துவமனையைத் தனியாக நடத்த முடியுமா என்று துரை கேட்க, மூன்றைக்கூட நடத்துவேன் என்றாராம் வந்தவர். வேலை கிடைத்தது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தோட்டத்து ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. லயத்துக்கு லயம் காய்ச்சல். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அந்தத் தோட்ட மருத்துவமனையே அவருக்கு உலகமாக இருந்தது. பிறகு ஜொகூர் பாருவில் சில ஆண்டுகள். சாதுக்களை உபசரிப்பது, வேதாந்த நூல்களைப் படிப்பது, யோகம் பழகுவது எல்லாம் இந்த மலாயா நாள்களில்தான் வேர்பிடித்தன.

1923-இல் நல்ல வருமானத்தை உதறிவிட்டு இந்தியா திரும்பினார். 1924 ஜூன் 1 அன்று ரிஷிகேசத்தில் சன்னியாசம் பெற்று சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். 1963 ஜூலையில் மறையும்வரை எழுதிக் குவித்த நூல்கள் இருநூறுக்கும் மேல். அவருடைய சீடர் சத்தியானந்த சரஸ்வதி பீகார் மாநிலம் முங்கேரில் யோகப் பள்ளி அமைத்தார். இன்னொரு சீடர் விஷ்ணுதேவானந்தா மேற்கு நாடுகளுக்குப் போனார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மெழுகுவத்திச் சுடர் முன் உட்காருகிறவர்களில் பலர் இந்தப் பரம்பரையின் பாடத்தைத்தான், தெரிந்தோ தெரியாமலோ, செய்துகொண்டிருக்கிறார்கள்.

ரப்பர் போனது, ஷிப்ட் வந்தது

சிரம்பானிலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் செனாவாங். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் விடிவதற்குள் பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனார்கள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் உளி மரப்பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைக் கண் அளந்தது. கொஞ்சம் தவறினாலும் மரத்துக்குக் காயம், ஆளுக்கு ஏச்சு. எங்கள் பாட்டிமாருக்கு யோகம் என்ற சொல் தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரே இடத்தில் கண்ணையும் கையையும் நிறுத்தும் வித்தை தெரியாமல் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு தாமான்கள் எழுந்தன. தொழிற்பேட்டை வந்தது. நெடுஞ்சாலைச் சந்திப்பும் கொமுட்டர் நிலையமும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று மின்னணுத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். பொடிப்பொடியான பாகங்களைக் கூர்ந்து சோதித்துவிட்டு, பேருந்தில் ஏறியதும் கைப்பேசியைத் திறக்கிறார்கள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் திரை அணைவதில்லை. கண் எரிகிறது, தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் நிற்கவில்லை என்ற புலம்பல் இல்லாத வீடு அரிது.

இந்த இடத்தில்தான் மெழுகுவத்தித் தியானக் காணொளிகள் நுழைகின்றன. "21 நாளில் கண்ணாடிக்கு விடை", "ஞாபக சக்தி பத்து மடங்கு" என்று தலைப்பு போட்டால் யாருக்குத்தான் கை போகாது? பயிற்சி நல்லதா, ஆபத்தா, வெறும் பம்மாத்தா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. நூல்கள் என்ன சொல்கின்றன, கண்ணுக்குள் என்ன நடக்கிறது, ஆய்வுகள் எங்கே நிற்கின்றன என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நூலில் மெழுகுவத்தி இல்லை

15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஹட யோகப் பிரதீபிகை' த்ராடகத்தை ஆறு உடல் சுத்திகளில் ஒன்றாக வைக்கிறது. தௌதி, வஸ்தி, நேதி, நௌலி, கபாலபாதி ஆகியவை மற்ற ஐந்து. வயிற்றையும் மூக்கையும் கழுவும் கிரியைகளின் வரிசையில் கண்ணுக்கு ஒன்று, அவ்வளவுதான். நுண்ணிய ஒரு பொருளை, கண்ணீர் வரும்வரை, அசையாத பார்வையோடு நோக்கச் சொல்கிறது நூல். கண்ணோயும் சோம்பலும் போகும் என்கிறது. பொன் பெட்டியைப் பாதுகாப்பதுபோல இதை இரகசியமாகக் காக்கவும் சொல்கிறது. பின்னால் வந்த 'கேரண்ட சம்ஹிதை'யும் ஏறக்குறைய இதே முறையைத்தான் தருகிறது. இரண்டிலும் சுடர் என்ற கட்டாயம் இல்லை. புள்ளி போதும்.

சுடரை விரிவாகப் பேசுகிற பழைய நூல் பௌத்தர்களுடையது. 5-ஆம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுர மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய 'விசுத்திமக்க' அது. காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரே தம் எழுத்தில் குறித்திருக்கிறார். தீயைத் தியானப் பொருளாகக் கொள்பவர் விறகு மூட்டி, பாயிலோ தோலிலோ துணியிலோ ஒரு சாண் நான்கு விரல் அகலத்துக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக நெருப்பைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்நூல். மேலே போகும் புகையையும் கீழே கிடக்கும் விறகையும் விட்டுவிட்டு, நடுவே அடர்ந்து எரியும் பகுதியில் மட்டும் கருத்தை வைக்க வேண்டும். பார்வைக்கு எல்லை கட்டுவதில் எவ்வளவு கவனம் என்று பாருங்கள்.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது வடலூர். இராமலிங்க வள்ளலார் இளமையில் சென்னை ஏழுகிணறு வீட்டு மாடி அறையில் கண்ணாடியையும் விளக்கையும் முன்னால் வைத்துத் தியானம் செய்தவர். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று அவர் தொடங்கிய சத்திய ஞான சபையில், ஏழு திரை நீக்கிக் காட்டுவதும் சோதியைத்தான். 1873-இன் பிற்பகுதியில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் தம் அறையிலிருந்த விளக்கை வெளியே கொண்டுவந்து வைத்து, இதையே வழிபட்டு வாருங்கள் என்று அன்பர்களிடம் ஒப்படைத்தார். அவருடைய வழியில் நடக்கும் சன்மார்க்க சங்கங்கள் மலேசியாவிலும் இயங்குகின்றன. வள்ளலாருக்குச் சுடர் வழிபாடு. ஹட யோகிக்குச் சுத்தி. புத்தகோசருக்குத் தியானப் பொருள். மூன்றும் ஒன்றல்ல. காணொளிக்காரர்கள்தான் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள்.

சிவானந்தரிடம் வரும்போது கதை மாறுகிறது. சுவரில் கரும்புள்ளி, ஓம் எழுதிய படம், இஷ்ட தெய்வத்தின் உருவம், விளக்குச் சுடர் என்று பல இலக்குகளை அவர் தருகிறார். எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டச் சொல்கிறார். கண்ணை வருத்தக்கூடாது என்கிறார். கண்ணின் நுண் இரத்தக் குழாய்கள் பலவீனமாக இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கற்பனையில் ஒரு புள்ளியை வைத்துப் பழகலாம் என்றும் எழுதுகிறார். காவி கட்டிய பிறகும் தோட்டத்து டாக்டர் அவரை விட்டுப் போகவில்லை.

மூன்று நிமிடத்தில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

இருட்டிய அறையில் ஒரு சுடர். நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் கண்மேல் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலத்தைப் பூசுகிறது. இமைக்காமல் இருந்தால் அந்தப் படலம் ஆங்காங்கே அறுந்து, கருவிழி காய்கிறது. முதலில் உறுத்தல், பிறகு எரிச்சல், பிறகு பொலபொலவென்று கண்ணீர். கண்ணிலுள்ள அழுக்கு கரைந்து வெளியேறுகிறது என்று பலர் நம்புவது இந்தக் கண்ணீரைத்தான். உண்மையில் இது, உலர்ந்துபோன கண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சுரக்கும் நீர்.

கொஞ்ச நேரத்தில் சுடரைச் சுற்றியுள்ள சுவரும் மேசையும் மங்கத் தொடங்கும். சிலருக்கு ஒளிவட்டம் தெரியும். இதில் அமானுஷ்யம் எதுவும் இல்லை. பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஓரத்தில் இருப்பவை மறையும் என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே எழுதிவிட்டார். மாற்றமே இல்லாத காட்சியை நரம்புகள் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றன. மெல்லிய வெளிச்சத்தில் கண்ணாடி முன் உட்கார்ந்து வெறித்தால் சொந்த முகமே கோணலாகத் தெரிவதற்கும் இதற்கும் உறவு உண்டு. பேய் பிடித்ததாகப் பயப்படவும் வேண்டாம், சித்தி கைகூடியதாகக் குதிக்கவும் வேண்டாம்.

கண்ணை மூடியதும் நெற்றிக்குள் ஒரு சுடர் தெரியும். முதலில் வெளிச்சமாக, பிறகு நீலமாகவோ ஊதாவாகவோ பச்சையாகவோ நிறம் மாறி, விழி அசையும் பக்கமெல்லாம் நகர்ந்து, மெல்ல அழியும். பிரகாசமான ஒளி பட்ட இடத்தில் விழித்திரை செல்கள் தற்காலிகமாகக் களைத்துப் போவதால் வரும் பின்பிம்பம் இது. காரணம் எளியதுதான். ஆனால் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அழிந்துகொண்டே போகும் அந்த ஒளிப்பொட்டை, துரத்தாமலும் விடாமலும் பின்தொடர வேண்டும். அப்போது மனம் வேறு எதையும் தொட இடமில்லை. நேற்று மேற்பார்வையாளர் சொன்ன சொல்லும் நாளை கட்ட வேண்டிய கார் தவணையும் சில விநாடி வாசலுக்கு வெளியே நிற்கின்றன. பொட்டு மறைந்ததும் அவை உள்ளே வந்துவிடும். வரட்டும். மறுபடி கண்ணைத் திற, மறுபடி பார். இந்தத் திரும்பத் திரும்ப வருதல்தான் பயிற்சி.

வாக்குறுதியும் நிலவரமும்

கவனத்தைப் பற்றிய வாக்குறுதிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. பெங்களூரு சுவாமி விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முதியவர்கள் 60 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரை ஏறத்தாழ ஒரு மாதம் த்ராடகம் செய்யவைத்தார்கள். எழுத்துகளைத் தேடி அடிப்பது, எண்களை நினைவில் வைத்துச் சொல்வது போன்ற சோதனைகளில் அவர்கள் முன்னேறியதை 2014-இல் வெளியிட்டார்கள். நிறத்தின் பெயர் ஒன்று, அது அச்சான நிறம் வேறொன்று என்று மனத்தைக் குழப்பும் ஸ்ட்ரூப் சோதனையில், த்ராடகம் முடித்த கையோடு செய்தவர்கள் மேம்பட்டதாக 2016-இல் இன்னோர் ஆய்வும் வந்தது. இரண்டும் சிறியவை. பெரிய அளவில் பல இடங்களில் செய்து பார்க்காமல் இவற்றின் மேல் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைக்கும் ஷிப்ட் தொழிலாளிக்கும் முயன்று பார்க்கலாம் என்று சொல்ல இது போதும்.

கண்ணாடியைக் கழற்றலாம் என்ற வாக்குறுதி வேறு கதை. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் இருக்க வேண்டியதைவிட நீண்டுவிடுவதால் வருகிறது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்து மங்குவது, விழிவில்லை நெகிழ்வை இழப்பதால். நீண்ட கோளத்தைச் சுடர் குறுக்காது. இறுகிய வில்லையைக் கண்ணீர் இளக்காது. கண்புரையையும் கண் அழுத்த நோயையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இங்கே சிவானந்தரையும் விட்டுவிட முடியாது. த்ராடகம் பழகிச் சிலர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் போட்டதாக அவரும் எழுதியிருக்கிறார். கண் பயிற்சியால் பார்வையைச் சீராக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920-இல் புத்தகம் போட்டு, உலகம் முழுக்க அந்த நம்பிக்கை பரவியிருந்த காலம் அது. சிவானந்தர்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த ஒன்றை இன்றைய கண் மருத்துவம் ஏற்கவில்லை என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை. பெரியவர் சொன்னார் என்பதற்காகப் பிள்ளையின் கண்ணாடியைப் பிடுங்கி வைக்கும் பெற்றோர், வகுப்பில் கரும்பலகை தெரியாமல் பின்தங்கும் ஒரு மாணவரைத்தான் உருவாக்குகிறார்கள்.

மூன்றாம் கண், தொலைநோக்கு, மனோவசியம் போன்றவற்றுக்குக் கட்டணம் வாங்கும் வகுப்புகளைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு

தனியாகப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பூஜை அறையில் இருக்கும் அகலும் நல்லெண்ணெயும் ஒரு திரியும் போதும். வாசனை மெழுகுவத்தியின் புகை கண்ணை உறுத்தும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

விளக்கைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கை நீட்டும் தூரத்தில் வையுங்கள். தரையில் வைத்துக் குனிந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். காற்றாடியை நிறுத்தினால்தான் சுடர் ஆடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றாடி இல்லாமல் உட்காருவது சிரமம் என்பதால் விடிகாலை ஐந்தரை, ஆறு மணி தோது. கண்ணாடி அணிபவர்கள், சுடர் தெளிவாகத் தெரிந்தால் கழற்றலாம், இல்லாவிட்டால் போட்டுக்கொண்டே பார்க்கலாம். காண்டாக்ட் லென்சைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

முதுகை நிமிர்த்தி, திரியின் நுனிக்குச் சற்று மேலே பார்வையை வையுங்கள். முறைக்க வேண்டாம், நெற்றியைச் சுருக்க வேண்டாம். இமைக்க வேண்டும் என்று தோன்றினால் இமையுங்கள். கண்ணீர் வரும்வரை பார்த்தே தீருவேன் என்ற வைராக்கியம் முதல் வாரத்தில் தேவையில்லை. ஒரு நிமிடம் பார்த்து, கண்ணை மூடி, உள்ளே தெரியும் பொட்டு மறையும்வரை காத்திருந்து, மறுபடி திறந்து பாருங்கள். இப்படி மூன்று சுற்று. முடிந்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்மேல் அழுத்தாமல் பொத்துங்கள். தொடங்குகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் நிறைவாகப் போதும். பத்தைத் தாண்ட விரும்பினால் பக்கத்தில் ஆசிரியர் இருக்க வேண்டும். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். திரைச்சீலை, துப்பட்டா, அவிழ்த்த கூந்தல் மூன்றும் சுடரிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

சூரியனைப் பார்த்துச் செய்யும் பழக்கம் மட்டும் எந்த நாளும் கூடாது. விழித்திரை வெந்துபோனால் திரும்ப வராது. வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆடும் சுடரைத் தவிர்க்க வேண்டும். கண் அழுத்த நோய், அண்மையில் நடந்த கண் அறுவை, கடுமையான உலர்கண் உள்ளவர்களும், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. சாதாரணக் கண் களைப்பு உள்ளவர்களுக்குச் சுவரில் ஒரு கரும்புள்ளியே சுடரைவிட உகந்தது.

விளக்குக்கு முன் ஒரு பரிசோதனை

சிவானந்தரின் பெயர் தாங்கிய ஆசிரமம் பத்துமலையில் இருக்கிறது. யோகம் சொல்லித் தரும் சங்கங்களும் கோயில் மண்டபங்களும் நம் வட்டாரங்களில் இருக்கின்றன. காணொளியைவிட நேரில் ஓர் ஆசிரியரிடம் கற்பது எப்போதும் மேல். அவர் உங்கள் கண் சிவப்பதைப் பார்ப்பார், கைப்பேசி பார்க்காது.

ஆனால் செனாவாங்கில் விளக்கேற்றத் தயாராகும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும்போது வலியும் இருக்காது, தொடக்கத்தில் பார்வையும் மங்காது. தெரியவரும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். கண் மங்குகிறதே என்று த்ராடகம் தொடங்கி, நான்கு மாதம் சுடர் முன் உட்கார்ந்துவிட்டு மருத்துவரிடம் போகிறவர், அந்த நான்கு மாதத்தையும் நோய்க்குத் தானம் கொடுத்தவர்.

ஆகவே தீர்ப்பு இது: த்ராடகம் மனத்துக்கான பயிற்சி, கண்ணுக்கான மருந்து அல்ல. அளவோடு செய்தால் காசு செலவில்லாமல் கிடைக்கும் நல்ல பயிற்சி. முதலில் அரசாங்க கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். சர்க்கரை இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல கிளினிக்குகளில் அந்த வசதி இருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் விளக்கின் முன் தாராளமாக உட்காரலாம்.